மென்பொருளும் அதன் சோதனைகளும்



கணிப்பொறி என்ற சொல் இன்று சிற்றூர்க் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பொறியை இயக்குவது அதனுள் எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளே என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். அக்கட்டளைகளின் தொகுதியையே மென்பொருள் என்கிறோம். அதை எழுதுவது ஒரு தொழில்; எழுதியதைச் சோதிப்பது மற்றொரு தொழில். முதல் தொழிலைப் பற்றிப் பேசுவோர் பலர்; இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அந்த இரண்டாவது தொழிலைப் பற்றியும், சோதனைகளின் வகைகளைப் பற்றியும், அவற்றால் நமக்கு விளையும் நன்மைகளைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நான் காரியாபட்டிப் பக்கத்தவன். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். தெற்கே அருப்புக்கோட்டை, தென்கிழக்கே திருச்சுழி. வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் விளையும். மழை பொய்த்தால் ஒன்றும் விளையாது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இப்போது பொறியியல் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதலில் கிடைக்கும் வேலை மென்பொருளைச் சோதிக்கும் வேலைதான். இதைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர் என்னிடம், “ஏன் தம்பி, ஒருத்தர் எழுதினதுல இன்னொருத்தர் குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கா சம்பளம்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை அவருடைய வீட்டு விதைக் குதிரிலேயே இருக்கிறது.

புரட்டாசி மழையை எதிர்நோக்கி விதைப்புக்கு ஆயத்தமாகும் உழவர், குதிரில் உள்ள விதையை அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் காட்டில் தூவுவதில்லை. நூறு விதைகளை எண்ணி எடுத்து, நனைத்த சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைக்கிறார். சில நாள் சென்று பிரித்துப் பார்த்து, எத்தனை முளைத்தன என்று எண்ணுகிறார். குறைவாக முளைத்தால் விதையை மாற்றுகிறார். அல்லது கூடுதலாக விதைக்கிறார். அரசாங்க விதைச் சோதனைக் கூடங்களிலும் இதுவே முறை. அங்கே நூறு நூறாக நான்கு பகுதிகள், ஆக 400 விதைகளை முளைக்க வைத்துப் பார்க்கிறார்கள். இந்தச் சோதனைக்குச் செலவாவது ஒரு கைப்பிடி விதையும் சில நாட்களும். இதைச் செய்யாமல் விட்டால் செலவாவது ஒரு பருவம். மழை இரண்டாம் முறை வந்து காத்து நிற்காது.

குதிரில் உள்ள எல்லா விதைகளையும் ஏன் சோதிப்பதில்லை என்று எவரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் முளைக்க வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு விதைக்க என்ன இருக்கும்? மென்பொருளிலும் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. ஆனால் காரணம் வேறு. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் எண்ணும் கணிப்பொறியில் 32 இரும இலக்கங்களில் எழுதப்படுவதாகக் கொண்டால், அதற்குக் கொடுக்கக்கூடிய எண்சோடிகளின் தொகை 1,844 என்ற எண்ணுக்குப் பின் பதினாறு சுழிகளை இட்டாலும் சற்றுக் குறைவுபடும். நொடிக்கு நூறு கோடி சோடிகள் வீதம் சோதித்தாலும் முடிப்பதற்கு 584 ஆண்டுகளுக்கு மேலாகும். வெறும் கூட்டலுக்கே இந்தக் கதி! ஆகவே சோதிப்பவரின் கலை முழுவதும், எதைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே அடங்கியிருக்கிறது.

இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதற்குப் பள்ளிப் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். லீப் ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதச் சொன்னால், பலர் ‘நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். 2023-ஐக் கொடுத்துப் பார்த்தால் ‘இல்லை’ என்று வரும். 2024-ஐக் கொடுத்தால் ‘ஆம்’ என்று வரும். இரண்டும் சரி. 2028-ஐயும் 2032-ஐயும் கொடுத்தால் அவையும் சரி. இப்படி இருபது ஆண்டுகளைக் கொடுத்து மகிழலாம். ஆனால் அந்த இருபதும் ஒரே கேள்வியைத்தான் இருபது முறை கேட்கின்றன. 1900-ஐக் கொடுத்துப் பாருங்கள். நிரல் ‘ஆம்’ என்று பொய் சொல்லும். நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டாலன்றி லீப் ஆண்டு ஆகாது. இனி இதைத் திருத்தப் புகுந்த ஒருவர் ‘நூறால் வகுபட்டால் இல்லை’ என்று மட்டும் சேர்த்துவிட்டால், அந்தத் தவற்றைப் பிடிப்பது 2000 என்ற ஆண்டு. ஆக 2023, 2024, 1900, 2000 என்னும் நான்கு ஆண்டுகள் செய்யும் வேலையை, கண்மூடித்தனமாக எடுத்த நானூறு ஆண்டுகளும் செய்யாமல் போகலாம்.

எல்லைக்கோட்டில்தான் பிழைகள் குடியிருக்கின்றன என்பது சோதிப்பவர்களின் அனுபவம். வாக்களிக்கும் வயது 18. நிரல் எழுதியவர் ‘18-ம் அதற்கு மேலும்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘18-க்கு மேல்’ என்று எழுதிவிட்டால், 40 வயதுக்காரரையும் 10 வயதுச் சிறுவனையும் கொண்டு அதைக் கண்டுபிடிக்க இயலாது. 17, 18, 19 என்ற மூன்றையும் கொடுத்துப் பார்ப்பவரே கண்டுபிடிப்பார். அண்டை வீட்டுக்காரர்களுக்குள் சண்டை வரப்பு ஓரத்தில் எழுவதைப் போலத்தான் இதுவும்!

மென்பொருளில் நேரும் பிழையை ஆங்கிலத்தில் ‘பக்’ என்பார்கள். பூச்சி என்று பொருள். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ என்னும் கணிப்பொறியில் ஒரு விட்டில் பூச்சி சிக்கிக்கொண்டது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள்; அந்தக் குறிப்பேடு இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சொல் அப்போதுதான் பிறந்தது என்று சிலர் எழுதுவது சரியன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே எடிசன் தம் யந்திரங்களின் கோளாறுகளை அப்பெயரால் குறிப்பிட்டிருக்கிறார். பருத்தி நாட்டினராகிய நமக்கு இந்தச் சொல் மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை உங்களில் பலர் அறிவீர்கள். அது பிஞ்சுக் காய்க்குள் நுழைந்ததும் நுழைந்த துளை மூடிக்கொள்கிறது. வெளியே காய் பச்சைப் பசேலென்று இருக்கும். உள்ளே புழு கொட்டையைத் தின்றுகொண்டிருக்கும்.

அந்தக் காயை இரண்டு விதமாகப் பார்க்கலாம். வெளியிலிருந்து, காய் எப்படி இருக்கிறது, வெடித்தபின் பஞ்சு எப்படி வருகிறது என்று பார்ப்பது ஒன்று. காயைப் பிளந்து உள்ளறைகள் ஒவ்வொன்றையும் பார்ப்பது மற்றொன்று. மென்பொருளிலும் இவ்விரு முறைகள் உண்டு. நிரலின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல், இதைக் கொடுத்தால் இது வரவேண்டும் என்று மட்டும் பார்ப்பதைக் கறுப்புப் பெட்டிச் சோதனை என்பர். நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு கிளையும் ஒரு முறையேனும் நடந்து பார்க்கப்பட்டதா என்று கணக்கிடுவதை வெள்ளைப் பெட்டிச் சோதனை என்பர். லீப் ஆண்டுக்கு நாம் நான்கு ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தது விதியின் நான்கு கிளைகளை மனத்தில் கொண்டுதான். ஒரு முறை மற்றதற்கு ஈடாகாது. கிளைகளெல்லாம் நடந்து பார்க்கப்பட்ட நிரலிலும், எழுத மறந்துபோன கிளை ஒன்று இருந்தால், அதை வெளியிலிருந்து பார்ப்பவரே காண்பார்.

இனிச் சோதனையின் படிகளுக்கு வருவோம். ஒரு பெரிய மென்பொருள் நூற்றுக்கணக்கான சிறு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே எடுத்துச் சோதிப்பது அலகுச் சோதனை. சோதித்த பகுதிகளைச் சேர்த்து, ஒன்று கொடுப்பதை மற்றொன்று சரியாக வாங்கிக்கொள்கிறதா என்று பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. முழுவதும் ஒன்றாக, அது வேலை செய்யவேண்டிய சூழ்நிலையிலேயே, வேலை செய்கிறதா என்று பார்ப்பது முழு அமைப்புச் சோதனை. முதற்படியில் நன்றாக இருந்தது மூன்றாம் படியிலும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடுவது மனித இயல்பு. இந்த இயல்புக்குக் கொடுத்த விலைகளில் மிகப் பெரிய ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து உருவாக்கிய ‘ஏரியன் 5’ என்ற ராக்கெட், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ என்னும் இடத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் இயந்திரம் முடுக்கப்பட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ராக்கெட் திசை திரும்பி, உடைந்து, நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்களுடன் சிதறிப்போயிற்று. விசாரணைக் குழு கண்ட காரணம் வியப்புக்குரியது. திசைகாட்டும் கருவியின் மென்பொருள், முந்தைய ‘ஏரியன் 4’ ராக்கெட்டில் பலமுறை பறந்து நற்பெயர் வாங்கியது. அதை அப்படியே புதிய ராக்கெட்டிலும் வைத்தார்கள். புதிய ராக்கெட்டோ பழையதைவிட வேகமானது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 16 இரும இலக்கங்களுக்குள் அடக்க அந்த மென்பொருள் முயன்றது. அந்த இடத்தில் 32,767-க்கு மேற்பட்ட எண் அடங்காது. எண் அதைத் தாண்டிவிட்டது. மென்பொருள் நின்றுவிட்டது. உதவிக்கு இன்னொரு கருவி இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, அதிலும் அதே மென்பொருள்தான் இருந்தது, அதுவும் அதே காரணத்தால் நின்றுவிட்டது! இன்னும் ஒரு வேதனை என்னவென்றால், தவறிய அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு புதிய ராக்கெட்டுக்குத் தேவையே இல்லாதது. புதிய ராக்கெட் செல்லவிருந்த பாதையின் எண்களைக் கொடுத்து அந்தக் கருவியைத் தரையிலேயே சோதித்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும் என்று குழு தெரிவித்தது. பகுதி நல்ல பகுதிதான். அதை வைத்த இடம் புதியது.

அயல்நாட்டுக் கதையை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். சந்திரயானின் கதையை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரே வேலையை இரண்டு முறை செய்து, இரண்டுக்கும் இடையில் சோதனைகளை எப்படிப் பெருக்கினார்கள் என்பதை அதில் காணலாம்.

சந்திரயான் 2 என்னும் விண்கலம் 2019-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் புறப்பட்டது. செப்டம்பர் 7-ஆம் நாள் பின்னிரவில் அதிலிருந்து பிரிந்த ‘விக்ரம்’ என்னும் இறங்குகலம் நிலவின் தரையை நோக்கி இறங்கியபோது, கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்து, தரையில் மோதிற்று. நாடே விழித்திருந்து பார்த்த நிகழ்ச்சி அது. என்ன நேர்ந்தது என்பதை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் அப்போதைய தலைவர் எஸ். சோமநாத் 2023-ஆம் ஆண்டு ஜூலையில் விளக்கினார். கலத்தின் வேகத்தைக் குறைப்பதற்கு ஐந்து இயந்திரங்கள் இருந்தன. அவை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான உந்துவிசையைத் தந்தன. படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் இருக்கவேண்டிய கட்டம் ஒன்று இருந்தது; அதனால் சிறு சிறு வேறுபாடுகளை உடனுக்குடன் திருத்திக்கொள்ள இயலாமல் அவை சேர்ந்துகொண்டே போயின. பிறகு அவற்றை ஈடுசெய்யக் கலம் மிக வேகமாகத் திரும்பவேண்டி வந்தது. ஆனால் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு மென்பொருள் ஒரு வரம்பு கட்டியிருந்தது. அத்தனை வேகம் வேண்டியிருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, இறங்குவதற்குக் குறித்த இடம் 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் உள்ள சிறு சதுரம். அந்த இடத்தை எட்டிப்பிடிக்கக் கலம் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டது.

இதில் முழுமூடத்தனமான பிழை என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். எதிர்பார்த்த எல்லைக்குள் யாவும் நடந்திருந்தால் கலம் இறங்கியிருக்கும். எல்லைக்கு வெளியே என்ன நடக்கும் என்பதே கேட்கப்படாத கேள்வி. ஆகவே சந்திரயான் 3-இல், எப்படி வெற்றி பெறுவது என்பதிலிருந்து தொடங்காமல், எவையெவை தவறக்கூடும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். கருவி தவறினால், இயந்திரம் தவறினால், கணக்குத் தவறினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் வழி தேடினார்கள். இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள். கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், ஐந்து இயந்திரங்களை நான்காகக் குறைத்தார்கள். மென்பொருளையும் விரிந்த எல்லைகளுக்கு ஏற்பத் திருத்தினார்கள்.

பிறகு சோதனைகள். அவற்றில் மூன்றை மட்டும் கூறுகிறேன். கலத்தின் கண்களாகிய உணர்கருவிகளும் வழிகாட்டும் மென்பொருளும் சேர்ந்து சரியாக இயங்குகின்றனவா என்று பார்க்க, அவற்றை ஒரு ஹெலிகாப்டரில் பொருத்திப் பறந்தார்கள். இயந்திரங்கள் எரியவில்லை, ஆகவே அதற்குக் குளிர்நிலை ஒருங்கிணைப்புச் சோதனை என்று பெயர். அடுத்து, உயர்ந்த பாரந்தூக்கியில் கலத்தின் மாதிரியைத் தொங்கவிட்டு, இயந்திரங்களை எரியவிட்டு, உணர்கருவி கண்டதை மென்பொருள் கணக்கிட, அந்தக் கணக்கின்படி இயந்திரம் இயங்க, அதன் விளைவை மீண்டும் உணர்கருவி காண, இப்படி வட்டம் முழுவதையும் நடத்திப் பார்த்தார்கள். அது வெப்பநிலைச் சோதனை. மூன்றாவது, நிலவு மண்ணைப் போன்ற மண்ணைப் பரப்பி, அதன் மேல் கால்களைப் பல கோணங்களில், பல வேகங்களில் இறக்கிப் பார்த்தது.

நிலவு மண்ணுக்கு எங்கே போவது? இங்கே நம் தமிழ்நாடு வருகிறது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் அனார்த்தசைட்டு என்னும் பாறை இருக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையோடு அதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் அறிஞர்கள் இதைக் கண்டு சொல்ல, அப்பாறையைப் பொடித்து நிலவு மண்ணுக்கு மாதிரி செய்தார்கள். ஏறத்தாழ 50 டன் மண் இவ்விதம் சென்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. சந்திரயான் திட்டத்தில் பணியாற்றிய தமிழர்களைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். சந்திரயான் 3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நாமக்கல் மண்ணையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரயான் 3 நிலவில் இறங்கிற்று. இறங்கிய கடைசி நிமிஷங்களில் பூமியிலிருந்து எவரும் அதை ஓட்டவில்லை. ஏற்கெனவே சோதிக்கப்பட்ட மென்பொருள்தான் ஓட்டிற்று.

சந்திரயான் 2-இன் கதையிலேயே இன்னொரு வகைச் சோதனைக்கும் விளக்கம் கிடைக்கிறது. மோதிய விக்ரம் எங்கே கிடக்கிறது என்று தெரியாதிருந்தது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் அப்பகுதியின் படங்களைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், புதிய படத்தையும் மோதலுக்கு முன்பு எடுத்த பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பழையதில் இல்லாத ஒரு வெண்புள்ளி புதியதில் இருப்பதைக் கண்டார். 2019 டிசம்பரில் நாசா அவர் கண்டதை உறுதிப்படுத்தி, அவர் பெயரையும் அறிவித்தது. நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது, இடையில் எது மாறியது என்று பார்க்கும் இந்த முறையையே மென்பொருளில் பின்னடைவுச் சோதனை என்பர். ஒரு பிழையைத் திருத்தும்போது, முன்பு சரியாக இருந்த வேறொன்று கெட்டுவிடுவது உண்டு. ஓட்டு வீட்டில் ஒழுக்கு அடைக்க ஏறியவர், அடுத்த ஓட்டை மிதித்து உடைத்துவிட்டு இறங்குவதில்லையா, அதுபோல. ஆகவே சிறு திருத்தம் செய்தாலும், பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்தவேண்டும். இது மனிதருக்குச் சலிப்பூட்டும் வேலை; கணிப்பொறிக்குச் சலிப்பு இல்லை. அதனால் இச்சோதனைகளையே நிரலாக எழுதி வைத்து, இரவெல்லாம் தானே நடக்கும்படி செய்துவிடுகிறார்கள். தானியங்கிச் சோதனை மிகுந்த பயன் தருவது இந்த இடத்தில்தான்.

சுமைச் சோதனை என்பது வேறொரு வகை. எங்கள் பக்கத்துக் குண்டாறு மழை பெய்தால் மட்டுமே ஓடும். ஆண்டு முழுவதும் வறண்டு கிடக்கும் கண்மாய்க்கு ஐப்பசியில் ஒரே இரவில் வெள்ளம் வரும். கரையின் பலம் அந்த இரவில்தான் தெரியும். பரீட்சை முடிவு வெளியாகும் காலையில் இணையத்தளம் திணறுவதை நீங்கள் கண்டிருக்கலாம். கொரோனாத் தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் ‘கோவின்’ தளம், 18 வயது நிரம்பிய யாவருக்கும் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மாலை 4 மணிக்குத் திறக்கப்பட்டபோது சற்று நேரம் தடுமாறிற்று. பிறகு சீரடைந்து, அன்று ஒரே நாளில் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்தது. இத்தகைய வெள்ளத்தைச் செயற்கையாக உண்டாக்கி, தளத்தின் மேல் விட்டுப் பார்ப்பதே சுமைச் சோதனை. கரை எத்தனை தண்ணீரைத் தாங்கும் என்பது மட்டும் கேள்வியன்று. தாங்கமுடியாதபோது என்ன ஆகும் என்பதும் கேள்வி. நம் முன்னோர் கண்மாய்க்குக் கலுங்கு கட்டினார்கள். மிகுந்த நீர் கரையை உடைக்காமல் அதன் வழியே வெளியேறும். வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லும் தளத்துக்குக் கலுங்கு இருக்கிறது. எவருக்கும் பதில் சொல்லாமல் விழுந்துவிடும் தளத்துக்குக் கலுங்கு இல்லை. திருடனைப் போல் தாமே நுழைய முயன்று பூட்டின் வலுவைப் பார்க்கும் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. அது தனியே ஒரு பேச்சுக்கு உரியது.

நான் மிக முக்கியமாகக் கருதுவது ஏற்புச் சோதனை. யாருக்காக மென்பொருள் செய்யப்பட்டதோ அவர்கள் கையில் கொடுத்து, அவர்களுக்குப் பயன்படுகிறதா என்று பார்ப்பது அது. எழுதியவரும் சோதித்தவரும் நகரத்தில், குளிர்ந்த அறையில், மென்மையான விரல்களோடு இருப்பவர்கள். நியாயவிலைக் கடையில் விரல்ரேகை வைப்பவரோ ஐம்பது ஆண்டுகள் களை வெட்டியும், பருத்தி எடுத்தும், மிளகாய்ப் பழம் பறித்தும் ரேகை தேய்ந்த மூதாட்டி. கருவி அவர் விரலைத் திரும்பத் திரும்ப மறுக்கும்போது, அவர் தம் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். குற்றம் விரலில் இருப்பதாகவே அவர் நினைக்கிறார். கருவிழியைப் படிக்கும் கருவி, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் போன்ற மாற்று வழிகள் இதற்காகவே ஏற்பட்டவை. ஆனால் சோதனை மேசையில் முதல் நாளே இத்தகைய நூறு விரல்களை வைத்துப் பார்ப்பது, பிற்பாடு மாற்று வழி தேடுவதைவிட எவ்வளவு எளிது! அரிசி வாங்காமல் ஒருவர் திரும்பிப் போகும் நடை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நம் பெயர்களும் அப்படித்தான். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். அயல்நாட்டுப் பழக்கத்தை ஒட்டிச் செய்த படிவம் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டத்தை வைத்து, அதில் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். இன்னும் ஒன்று. ‘கருப்பசாமி’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணிப்பொறியின் யூனிகோடு முறையில், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், அது பத்து. பெயருக்கு எட்டுக் குறிகள் போதும் என்று ஒருவர் வரம்பு வைத்தால், கருப்பசாமி பாதியிலேயே முறிந்து ‘கருப்பசா’ ஆகிவிடுவார். ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதிப்பவருக்கு இது ஒருநாளும் தெரியவராது. தமிழ் தெரிந்த ஒருவர் சோதனைக் குழுவில் இருந்தால் முதல் நாளே தெரியும்.

சோதனைக்குச் செலவாகிறதே என்று முதலாளிகள் முணுமுணுப்பது உண்டு. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட ஆய்வு ஒன்று, போதிய சோதனையின்மையால் அந்நாட்டுப் பொருளாதாரத்துக்கு ஆண்டுதோறும் ஏற்படும் நஷ்டம் 5,950 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டது. அதே வேளையில், சோதித்துவிட்டோம், இனிப் பிழையே இல்லை என்று எவரும் மார்தட்டவும் முடியாது. சோதனை பிழை இருப்பதைக் காட்டுமேயன்றிப் பிழை இல்லாமையைக் காட்டாது என்ற கருத்தை, ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969-ஆம் ஆண்டில் ரோம் நகரில் நடந்த மாநாட்டிலேயே வலியுறுத்தினார். சாக்கில் 95 விதை முளைத்தது, காட்டில் ஒவ்வொரு விதையும் முளைக்கும் என்பதற்கு உறுதிச்சீட்டு ஆகுமா? விதைக்கத் துணிவதற்குப் போதிய ஆதாரம், அவ்வளவுதான். இப்போது செயற்கை நுண்ணறிவு நிரல்களை நொடிப்பொழுதில் எழுதித் தருகிறது. எழுதுவது எளிதாகிவிட்டதால் சோதிப்பது தேவையற்றதாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. யார் எழுதியது என்று தெரியாத நிரலை எதை நம்பி ஏற்றுக்கொள்வது?

சோதிக்கும் வேலையை எழுதும் வேலைக்குக் கீழ்ப்பட்டதாக எண்ணி, அது கிடைத்தபோது முகம் சுளிக்கும் மாணவர்களை நான் அறிவேன். அவர்கள் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்து பார்க்கட்டும். தாமோ நண்பரோ எழுதிய சிறு நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரையட்டும். முதற்பத்தியில், நிரலுக்கு எதைக் கொடுக்கப்போகிறோம் என்று எழுதவேண்டும். இரண்டாவதில், என்ன விடை வரவேண்டும் என்று எழுதவேண்டும். அதை நிரலை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிடவேண்டும். பின்னால் எழுதினால், வந்த விடையே சரியான விடை என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும். மூன்றாவதில், உண்மையில் வந்ததை எழுதவேண்டும். கொடுப்பவற்றில் ஒன்று சுழியாக இருக்கட்டும். ஒன்று குறை எண்ணாக இருக்கட்டும். எண் கேட்கும் இடத்தில் ஒன்று எழுத்தாக இருக்கட்டும். ஒன்று வெறுமையாக இருக்கட்டும். பெயர் கேட்கும் இடத்தில் தம் பாட்டியின் பெயரை முதலெழுத்தோடு தமிழில் இட்டுப் பார்க்கட்டும். இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் எந்த வரியில் வேறுபடுகின்றனவோ, அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, நிரல் எழுதிய நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.